செல்வி சனிக்கிழமையே வந்தாள்

"ஏம்மா, இவ்ளோ லேட்டா கொண்டாந்தே?"

கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இருபத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். இந்தக் கேள்வியை எத்தனை அம்மாக்களிடம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போது யாராவது கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

1. சனிக்கிழமை

செல்விக்கு ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். மகன் கவினுக்கு ஐந்து வயது, நெஃப்ராட்டிக் என்கிற கிட்னி வியாதி. சிறுநீரில் புரோட்டீன் ஒழுகிப் போகும், உடம்பு வீங்கும். மாத்திரையில் அடங்கும், மறுபடி கிளம்பும். கிளம்பும்போதே பிடிக்க ஒரு வழி உண்டு. காலையில் குழந்தையின் முதல் யூரினை டெஸ்ட் டியூபில் பிடித்துச் சூடு காட்ட வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. தயிர் மாதிரித் திரிந்தால் மூன்று பிளஸ், புரோட்டீன் நிறையப் போகிறது என்று அர்த்தம். தொடர்ந்து மூன்று நாள் அப்படித் திரிந்தால், வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும். இதையெல்லாம் செல்விக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

சமைக்கிற அடுப்பில் இதைச் சுடவைக்கக் கூடாது என்று மாமியார் சத்தம் போட்டாராம். செல்வி கொல்லைப்பக்கம் மெழுகுவத்தி ஏற்றி, காற்றுக்குத் தகரத்தை மறைப்பாக வைத்துச் செய்தாள். ஒன்றரை வருஷம், ஒரு நாள் தவறாமல். தினமும் நோட்டில் எழுதினாள். நம்மில் யார் ஒரு வேலையை இப்படிச் செய்திருக்கிறோம்?

அந்தச் சனிக்கிழமை மதியம், சிதம்பரத்தில் பஸ் மாறி வந்து நின்றாள். ஓ.பி. முடிகிற நேரம். லேப்பில் இருந்தவர் கிளம்பிவிட்டார்.

"மூணு நாளா மூணு பிளஸ் சிஸ்டர். அப்படி வந்தா ஒடனே வரச் சொன்னீங்கல்ல?"

கவின் வராண்டாவில் ஓடிக்கொண்டிருந்தான். முகத்தில் வீக்கம் இல்லை. எடையும் கூடவில்லை.

"புள்ள நல்லாத்தானம்மா இருக்கான்? டியூப்ப ஒழுங்கா கழுவுனியா? அழுக்கு இருந்தாலும் அப்படித்தான் காட்டும்."

"தெனம் கழுவி வெயில்ல காயவெக்கிறேன் சிஸ்டர்."

"சரி சரி. வியாழக்கிழமை கிட்னி ஓ.பி.க்கு வா. டாக்டர் பாப்பாரு."

நோட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. டூட்டி டாக்டர் மாடியில்தான் இருந்தார், ஒரு போன் போதும். போடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இல்லை.

2. செவ்வாய்க்கிழமை

வியாழன் வரை தாங்கவில்லை. செவ்வாய் காலை புருஷனும் அவளுமாகக் கவினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கண் திறக்க முடியாத வீக்கம், ஜுரம், வயிற்றில் கை வைத்தாலே அலறல். வயிற்றுக்குள் இன்ஃபெக்சன். இந்த வியாதியில் அது உயிரையே எடுத்துவிடும்.

டூட்டி டாக்டர் மருந்து ஏற்றிக்கொண்டே கத்தினார். "ஏம்மா, இவ்ளோ லேட்டா கொண்டாந்தே? புள்ள மேல அக்கற இருக்கா ஒனக்கு?"

புருஷனும் சேர்ந்துகொண்டார். "வீட்லதான இருக்க? என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தே?"

செல்வி என்னை மட்டும் பார்த்தாள். நான் செய்ததை ஒரு வார்த்தையில் போட்டு உடைத்திருக்கலாம். அதற்குக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பயத்தை அவளுக்குள் ஏற்றியது நாங்கள்தான்.

"சார், அவுங்க சனிக்கிழமையே வந்தாங்க. நாந்தான் திருப்பி அனுப்புனேன்" என்றேன்.

"அப்புறம் பேசலாம் சிஸ்டர்" என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

பெற்றவளை வார்டே கேட்கும்படித் திட்டலாம். நர்ஸ் செய்த தப்பை மட்டும் அப்புறம், மெதுவாகப் பேச வேண்டுமாம்! எனக்கு வந்ததே ஆத்திரம், என் மேல், அவர் மேல், அந்தப் புருஷன் மேல்.

"இப்பவே சொல்றேன் சார். இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அவுங்க கண்டுபிடிச்சத நான் நம்பல" என்று உரக்கச் சொன்னேன். புருஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

மதியம் டூட்டி முடிந்ததும் அவளிடம் போனேன்.

"என்ன மன்னிச்சிரு செல்வி."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் சிஸ்டர். இப்ப டூட்டிக்கு யாரு வர்றாங்க? நான் சொன்னா அவுங்க கேப்பாங்களா? சொல்லிட்டுப் போங்க."

அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஹேண்ட்ஓவர் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தேன். எந்த மருந்து, எவ்வளவு ஜுரம், எத்தனை மில்லி யூரின், எல்லாம் சொல்லியிருந்தேன். குழந்தையின் அம்மா பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் போய், முதலிலிருந்து மறுபடி கொடுத்தேன், இந்த முறை செல்வியிலிருந்து தொடங்கி.

பிள்ளைகளே, பெற்றவள் வந்து "சரியில்ல" என்று சொன்னால், பல்ஸ் எழுதுகிற மாதிரி அதையும் சார்ட்டில் எழுதுங்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் எரிந்து விழுந்தால் விழட்டும். ஹேண்ட்ஓவரில் அவள் சொன்னதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். அவளுக்கு ஷிஃப்ட் முடிவதே இல்லை.

கவின் பிழைத்தான். வீட்டுக்குப் போகப் பதினாறு நாள் ஆயிற்று. அதில் நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் பதினாறு நாளும், ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் செல்வி எழுந்து நின்று, புதிதாக வருகிறவர்களிடம் கேட்டாள்: "நான் சொல்றதக் கேக்கணும்னு ஒங்ககிட்ட சொன்னாங்களா சிஸ்டர்?"

நான் டூட்டிக்கு வந்த நாட்களில் என்னிடமும் கேட்டாள்.