பனியில் கிடைத்த கல்லும் நான் விழுங்கிய சொல்லும்

எம்.எஸ்ஸி. ஜியாலஜி படித்தபோது நானும் என் சிநேகிதியும் ஒரே மைக்ராஸ்கோப்பைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அவள் இடைசெவல்காரி, நான் கோவில்பட்டி. கனிமங்களைப் பார்த்துப் பெயர் சொல்லும் தேர்வில் எப்போதும் நான்தான் முதல். படிப்பு முடிந்ததும் வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து இருவருக்கும் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. "அவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளைய அனுப்ப முடியாது" என்றார் என் அப்பா. அவள் அப்பா பருத்தி விற்ற கையோடு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நான் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரானேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பொங்கல் விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு காக்கி உறை.

"ஏட்டி, ஒனக்குக் காட்டணும்னுதான் பெட்டியில வைக்காம கையிலயே கொண்டாந்தேன்."

உறைக்குள் இருந்தவை ஒரு விண்கல்லின் படங்கள். தென்துருவப் பனியில் ஒரு பயணக்குழு பொறுக்கி வந்த கல் அது. பாதிக்கு மேல் இரும்பும் நிக்கலும். அதில் ஒரு சீவலை அறுத்துப் பளபளப்பாக்கி, என்ன வகையென்று முடிவு சொல்லும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் கையில் கவரிங் வளையல்கூட இல்லை. என் கையில் ஆறு தங்க வளையல். அப்படியும் நான்தான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்.

மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களைப் பரப்பினாள். உலோகம் வெள்ளையாக, கல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

"கல்லும் இரும்பும் கலந்த வகைன்னு எழுதப்போறேன். உள்ள சின்னச் சின்ன உருண்டை இருந்தா, முழுசா உருகவே செய்யாத ஆதிக் கல்லுன்னு ஆயிரும். நான் பாத்தவரைக்கும் உருண்டை இல்ல. நீ பாரு. ஒன் கண்ணு என் கண்ணவிட நல்ல கண்ணு."

நாலாவது படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு துண்டு. விளிம்பு வளைந்திருந்தது. உள்ளே கோடுகள் விசிறி போல விரிந்திருந்தன. உருண்டைதான். பார்த்ததுமே தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

காபி குடித்துவிட்டு அவள் போய்விட்டாள். அவள் தப்பாக எழுதி, யாரோ ஒரு பெரிய மனிதர் பலர் முன்னால் அதைத் திருத்துவதாக மனசுக்குள் பலமுறை நடத்திப் பார்த்தேன். ருசியாக இருந்தது.

ஆடி மாசம் அவள் கடிதம் வந்தது. 'நாலாவது படத்த நீ ரொம்ப நேரம் கீழ வைக்கல. அது மனசுலயே கெடந்துச்சு. அந்த இடத்துலயே இன்னொரு சீவல் அறுத்தேன். நெறைய உருண்டை இருக்கு. உலோகம் மிகுந்த காண்ட்ரைட்னு, அந்த ஆதிக் கல்லு வகைன்னே மாத்தி எழுதிட்டேன். கட்டுரையில ஒன் பேருக்கு நன்றி போட்டிருக்கேன்.'

அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. 'அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சது. ஒன்மேல பொறாம. அதான் சொல்லல' என்று எழுதிப் போட்டேன்.

இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு போன் செய்தாள்.

"ஒன் லெட்டரப் படிச்சதுலருந்து கோவந்தான். பேர எடுத்துரலாம்னு நெனச்சேன். எடுக்கல. மொதல்ல பாத்தது நீதான. இன்னொரு கல்லு வந்திருக்கு. படம் அனுப்பட்டா? இந்தத் தடவ சொல்லிரணும்."

"அனுப்பு" என்றேன்.

படங்கள் வந்தன. கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். உறையை ஒட்டும்போதும், அந்தக் கல்லை அறுக்கும் கை என் கையாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.