அண்ணனின் சர்க்கரை டப்பா

வேப்பம்பட்டில் பிறந்து, அப்பா போனதும் பதினெட்டு வயதில் ஆவடித் தொழிற்சாலையில் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் குவார்ட்டர்ஸில் வைத்துக் காப்பாற்றியவர் எங்கள் அண்ணன். அவர் இறைவனிடம் போய் இன்றோடு ஓராண்டு. இரங்கற்பா எழுதும் மனநிலையில் நான் இல்லை, கோபத்தில் இருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அவர் கணையத்தில் ஒரு கட்டி. அபூர்வ வகைப் புற்றுநோய். இன்சுலினைக் கண்டபடி சுரந்து, உடம்பிலுள்ள சர்க்கரையை வற்றவைத்துவிடும். அறுத்து எடுத்த டாக்டர், "மறுபடி வியர்த்து உளறினால் முதலில் சர்க்கரை கொடுங்கள், பிறகு ஓடி வாருங்கள்" என்றார்.

ஆறு வருடம் கழித்து அது திரும்பியது. ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலில் தள்ளாடினார்.

"இன்னாபா, உங்கண்ணன் தண்ணி போட்டுகினு வந்துகீறாரு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அண்ணி குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து என் கையில் திணித்தார். நான் மகா தைரியசாலி. பயத்தில் பாதியை என் வாயில் போட்டுக்கொண்டேன். மீதியை அண்ணி பிடுங்கி ஊட்டினார். கண் திறந்த அண்ணன் கேட்டார்: "இன்னாடா, நோவு எனக்கு, குளுக்கோஸ் உனக்கா?"

கட்டி ஈரலுக்கும் போயிருந்தது. இனி அறுக்க முடியாது. ஊசி, மாத்திரை, இரண்டு மணிக்கொரு தடவை இனிப்பு. கட்டிலருகே சர்க்கரை டப்பா. பார்க்க வந்த சொந்தங்களுக்கோ, கணையம் என்றாலே சுகர் வியாதி. மிக்சர் வாங்கி வந்தார்கள்.

"இது வேற வியாதி, மாமா. இவருக்கு இனிப்புதான் மருந்து" என்று அண்ணி, வந்திருந்த எங்கள் மாமாவிடம் தொண்டை வறளச் சொன்னார்.

"எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் மாமா.

ஒருநாள் அண்ணி தண்ணீர் லாரிக்குப் போயிருந்தபோது மாமா டப்பாவை பீரோ மேல் ஒளித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நல்லதுக்குத்தானாம்! அண்ணி திரும்பியபோது அண்ணன் வியர்வையில் நனைந்து நினைவிழந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டார்கள், பேச்சு மீளவில்லை. மூன்று வாரம் என் முகத்தையே பார்த்துக் கிடந்தார். நான் செய்த எந்தக் கோமாளித்தனத்துக்கும் சிரிக்கவில்லை. பிறகு போய்விட்டார்.

மாமா ஒளித்தார், நான் தின்றேன். ஆனால் எனக்குப் பயமாவது இருந்தது, மாமாவுக்கு அதுவும் இல்லை. மன்னிக்கச் சொல்கிறார் பங்குத்தந்தை. முயல்கிறேன், இன்று முடியவில்லை.

ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், ஊசி மருந்துக்காக ஆவடியிலிருந்து பாடி வரை சைக்கிள் மிதித்த எதிர்வீட்டுக்காரருக்கும் எங்கள் நன்றி. இன்றைய நினைவுத் திருப்பலி முடிந்ததும் வீட்டில் காபி உண்டு. சர்க்கரை டப்பா கட்டிலருகே, அதே இடத்தில், திறந்தே இருக்கும். யாரும் அதை எடுத்து வைக்க வேண்டாம்.