வியன்னாவிலிருந்து பத்துப் பிரதிகள்

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு தமிழ்க் கடை. வாசலில் ஐந்து தமிழ்ப் பத்திரிகைகள் இலவசமாகக் குவிந்து கிடக்கின்றன. எனக்கு வயிறு எரிகிறது. வியன்னாவில் நானும் நண்பன் சேகரும் நடத்தும் சஞ்சிகைக்கு ஒவ்வொரு வாசகரையும் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

கடைக்கார அண்ணையிடம் கேட்டு, கொண்டுவந்த பத்துப் பிரதிகளையும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். முருங்கைக்காய் வாங்கவந்த ஒரு பெண் அதிலொன்றை எடுத்து, கையுறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே ஒரு கதையை முழுதாக வாசிக்கிறார்.

“உந்தக் கதை நீங்களோ எழுதினது?”

அது சேகரின் கதை. என் தலையங்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

“இல்லை அக்கா, என்ர கூட்டாளி.”

“ஐயோ, அவர் உங்களோட வரேல்லையோ?”

“வரேல்லை,” என்கிறேன். அவர் கேட்காமலே, “ரைப் அடிச்சது முழுக்க நான்தான்” என்றும் சொல்கிறேன்.