எழுதாமல் விட்டதெல்லாம் கிளைக்கு

கனடாவில், மொன்றியலில் எங்கள் சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் அமைப்பு விதிகளை, திருத்தியது நான்தான். தனியாகச் செய்யவில்லை என்று சொல்வது மரியாதை. ஆனால் திருத்தத்தை எழுதியதும், அதற்காக வீடு வீடாகப் போய் ஆள் பிடித்ததும், பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடியதும் நான். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

சங்கம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், ஞாயிறு பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸுமாகக் கூடிக் கூடி உண்டாக்கியது. கோட்-டெ-நெய்ஜில் ஒரு கிளை, சென்ட் லோரன்டில் ஒரு கிளை, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் எங்கள் கிளை. மூன்றுக்கும் மேலே ஒரு மத்திய குழு.

தொடக்கத்தில் யாப்பு ஒன்று வேண்டும் என்று வந்தபோது, யாரோ ஊரிலிருந்த விளையாட்டுக் கழகம் ஒன்றின் யாப்பைத் தருவித்து, கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் எங்கள் பெயரைப் போட்டு, கைதட்டி நிறைவேற்றிவிட்டார்கள். கிளைகள் உண்டானபின் ஒரு வரியைச் செருகினார்கள்: கிளைகள் மத்திய குழுவின் சொற்படி நடக்கும், நடக்காவிட்டால் கலைக்கப்படும். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, வேண்டும் என்று கொழும்பிடம் இரண்டு தலைமுறையாகக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிய சனம் நாங்கள். அப்படிப்பட்ட நாங்கள் அசல் ஒற்றையாட்சி யாப்பு ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, வருடா வருடம் அதன்படி தேர்தல் நடத்திக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும்தான், என் வகுப்பில் கை வைக்கும் வரை.

லொங்குய்யில் சனிக்கிழமை காலையில் நான் தமிழ் வகுப்பு நடத்தினேன். கோயிலின் நிலக்கீழ் அறை, சுவரில் எழுத்து அட்டை, என் முன்னால் பிரெஞ்சில் மட்டுமே சண்டை பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்த மொழியிலேயே விளக்கினேன். பிரெஞ்சில் சொல்லித் தமிழை எழுதவைத்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் வைகாசி வருமுன் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். அந்த அறையில் நான் ராணி மாதிரி இருந்தேன்.

அப்போது மத்திய குழு ஒரு தீர்மானம் போட்டது. தமிழ் வகுப்பில் பிரெஞ்சு வாயில் வரக்கூடாது. இனி எல்லாக் கிளைப் பிள்ளைகளுக்கும் சென்ட் லோரன்டில் ஒரே வகுப்பு. எங்கள் பிள்ளைகள் மஞ்சள் கோட்டு மெட்ரோவில் ஆற்றைக் கடந்து, செம்மஞ்சள் கோட்டில் மாறி, பிறகு பஸ் பிடித்து, பனிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு பிள்ளையும் போகாது என்று எனக்குத் தெரியும். வகுப்பு செத்துவிடும்.

சங்கத் தலைவரிடம் போனேன். பள்ளிக்கூடக் காலத்தில் சமஷ்டிக் கூட்டங்களுக்கு சைக்கிள் மிதித்துப் போனவர், அந்தக் கதையை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடாதவர்.

“தங்கச்சி, ஒவ்வொரு கிளையும் தன்ர பாட்டுக்கு நடந்தா நாங்கள் உடைஞ்சு போவம். ஒற்றுமை முக்கியம் எல்லே?” என்றார். யாப்பை எடுத்து அந்த வரியையும் காட்டினார். கோபத்தில் வாயைத் திறந்தால் தப்பாகிவிடும் என்று தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான் சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். மதியச் சாப்பாட்டு மேசையில் கியூபெக்காரர் ஒட்டாவாவை, அதாவது மத்திய அரசாங்கத்தை, திட்டுவது எங்களுக்கு ஊறுகாய் மாதிரி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேண்டும். ஆனால் நாட்டின் அரசியலமைப்பைத் திருத்துவோம் என்று யாராவது தொடங்கினால், அது நடக்கிற காரியமில்லை என்று கோப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அன்று நான் என் சங்கத்துக் கதையைச் சொன்னேன். என் பக்கத்தில் இருப்பவள், தொழிற்சங்கத்தில் ஊறியவள், சிரிக்காமல் கேட்டாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள்: “எங்கள் நாட்டில் நடந்த பிழை இதுதான். மாகாணங்களுக்கு என்னென்ன என்று எழுதினார்கள். எழுதாமல் விட்டதெல்லாம் ஒட்டாவாவுக்குப் போய்விட்டது. நீ மாற்றி எழுது.”

மாற்றி எழுதினேன். மத்திய குழுவுக்கு நான்கு வேலை: திருநாள், மண்டபம், அரசாங்கத்தோடு கதைப்பது, கிளைகளுக்கிடையே பிணக்கு வந்தால் தீர்ப்பது. எழுதாமல் விட்டதெல்லாம் கிளைக்கு. எந்தக் கிளையையும் அதன் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது. கிளையின் தீர்மானத்தை மேலே இருந்து மாற்றக் கூடாது. யார் தலைவராக இருந்தாலும் கூடாது. அந்தக் கடைசி வரியை எழுதியபோது தலைவரின் முகத்தை நினைத்துக்கொண்டேன், சந்தோஷமாக இருந்தது.

பொதுக்கூட்டம் வந்தது. வழக்கம்போல் செபம், வழக்கம்போல் சென்ற கூட்ட அறிக்கை, அதில் யார் யாரை வழிமொழிந்தது என்று வழக்கம்போல் ஒரு சண்டை. தேநீர் ஆறியபின் என் திருத்தம் வந்தது. தலைவர் நன்றாகவே பேசினார். பிரிந்துபோவோம், சின்னச் சின்னத் துண்டாகிவிடுவோம், ஒரே குரல் வேண்டும், வலுவான நடு வேண்டும் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

“அண்ணை, நீங்கள் சொன்னது எல்லாம் நான் முந்தியே கேட்டிருக்கிறன். உந்தக் கதையை ஊரிலை எங்களுக்கு ஆர் சொன்னவை?”

பின்வரிசையில் யாரோ கதிரையை இழுத்தார்கள். தலைவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு வேண்டும், அதைத் தாண்டிக் கிடைத்தது. அவர் கை தூக்கவில்லை. எதிராகவும் தூக்கவில்லை.

வகுப்பு பிழைத்தது. அடுத்த தேர்தலில் என்னையே தலைவியாக்கினார்கள். உள்ளுக்குள் பூரித்துப்போனேன் என்பதை மறைக்கவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் வினை வந்தது. லொங்குய் கிளையின் இளம் தாய்மார் சிலர் ஒன்று கூடி ஒரு பிரேரணை கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்து வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எழுத்தோடேயே களைத்துப்போகிறார்கள். தமிழைக் கதைத்துப் பழகினால் போதும், நாடகம், பாட்டு, சமையல் என்று வகுப்பை மாற்றுவோம். எழுத்து அட்டை இல்லாத தமிழ் வகுப்பு. ஆத்திரத்தை அடக்கமுடியாமல், வீட்டில் துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது முன்னாள் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தங்கச்சி, கேள்விப்பட்டன். எழுத்தில்லாமல் என்ன தமிழ்? உடனை ஒரு திருத்தம் போடுங்கோ. கல்வி மத்திய குழுவுக்கு எண்டு ஒரு வரி போதும். என்ர ஆக்கள் எல்லாரும் கை தூக்குவினம், நான் பொறுப்பு.”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நொந்திருந்தார். எனக்கும் ஆசை வந்தது. ஒரு வரி. மூன்றில் இரண்டு கிடைத்துவிடும் என்று கணக்கும் ஓடியது. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதில் அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை.

“பிறகு சொல்லுறன் அண்ணை” என்றேன். சொல்லவில்லை.

கிளைக் கூட்டத்துக்குப் போனேன். தலைவியாகப் போகவில்லை, லொங்குய்க் கிளை உறுப்பினராகப் போய் வாங்கில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது பேசினேன். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு மொழி பாதி வீடு, கதவு உண்டு, சன்னல் இல்லை என்றேன். நன்றாகத்தான் பேசினேன். என்னோடு சேர்த்துச் சில கைகள்தான் எழுந்தன. தோற்றேன்.

கூட்டத்தை நடத்திய பெண், ஒரு காலத்தில் தன் மகளை என் வகுப்புக்குக் கைபிடித்துக் கூட்டிவந்தவள், கொஞ்சம் பயந்தபடி என்னிடம் வந்தாள்.

“அக்கா, கோவியாதேங்கோ. நீங்கள் தலைவி எல்லே, நினைச்சா இதை மேலை இருந்து நிப்பாட்டலாமோ?”

“ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“ஏலாத மாதிரித்தான் எழுதினனான்.”

அவள் போனபின் சுவரிலிருந்த எழுத்து அட்டையை நானே கழற்றிச் சுருட்டினேன். ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அன்று அந்த அறையில் நான் வென்றிருந்தால் இவ்வளவு நிமிர்ந்து வெளியே வந்திருப்பேனா தெரியாது. அந்த யாப்பு நான் பிடிக்காத ஆளையும் கட்டியது, என்னையும் கட்டியது. கட்டு இறுகித்தான் இருந்தது.

மெட்ரோ வாசலில் நின்று முன்னாள் தலைவரை அழைத்தேன்.

“தோத்திட்டன் அண்ணை.”

“திருத்தம் போடேல்லையோ?”

“இல்லை.”

சைக்கிள் மிதித்துக் கூட்டத்துக்குப் போன அந்தப் பையனின் குரலில் சொன்னார்:

“சமஷ்டி எண்டா இப்பிடித்தான் இருக்கும் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை தங்கச்சி. கேட்டமே தவிர, ஒரு நாளும் வைச்சுப் பாக்கேல்லையே.”

அடுத்த சனிக்கிழமை அட்டை இல்லாமல் வகுப்புக்குப் போனேன்.