முதல் வண்டி

உப்பிலிக்கு மனைவியின் நாடகம் என்றாலே வேப்பங்காய். ரமா எழுதி, மெட்டுப் போட்டு, அணுபுரம் குடியிருப்பு மன்றத்தில் பொங்கலுக்குப் பொங்கல் பெண்களை வைத்து மேடையேற்றிய பாட்டு நாடகம் அது. ‘வலைக்காரன் வீடு’ என்று பெயர். கடலுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கிற ஒருத்தியின் கதை. பத்தொன்பது வருஷம் நடந்தது. பத்தொன்பது வருஷமும் உப்பிலி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். “மீன் வாசனையே தெரியாத நம்மாத்துல மீனவன் கதை” என்று அணுமின் நிலையத்தில் கூட ஷிஃப்ட் பார்க்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

கடைசிப் பாட்டை ரமா பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடுவாள். அதற்குள் உப்பிலி எழுந்துவிடுவார். கூட்டம் கலைந்தால் ஸ்டாண்டில் அரை மணி நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும், முன்னாலேயே ஸ்கூட்டரை எடுத்துவிட்டால் தொல்லை இல்லை. கெட்டிக்காரர்தான்.

அவர் ஓய்வு பெற்றதும் படூரில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனார்கள். நாடகம் அதோடு நின்றது. போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்த ரமா எழுந்திருக்கவில்லை.

மார்கழியில் பிரதீபா போன் செய்தாள். சின்ன வயதில் அந்த நாடகத்தில் மீனாக நெளிந்தவள், இப்போது அதே அணுமின் நிலையத்தில் இன்ஜினியர். மாமியின் நினைவாக இந்தப் பொங்கலுக்கு நாடகத்தைப் போடுகிறோம், பாட்டு நோட்டு வேண்டும் என்றாள். உப்பிலி நோட்டை எடுத்துக்கொண்டு தானே பஸ் ஏறிப் போனார். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாக உத்தேசம்.

மன்றத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. புருஷன் கரையேறி வருகிறான், சாப்பிடுகிறான், படுத்துவிடுகிறான். ‘உப்புப் போட மறந்தேனே, ஒரு சொல்லும் சொல்லலியே’ என்று அவள் தட்டைக் கழுவிக்கொண்டே பாடுகிறாள். உப்பிலி வாசலிலேயே நின்றுவிட்டார். அது கடல் இல்லை, நைட் ஷிஃப்ட். அந்தத் தட்டு அவருடையது. பத்தொன்பது வருஷம் ஊரைக் கூட்டி வைத்து அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். செவிடன் காதில் ஊதின சங்கு.

அதற்கப்புறம் தினமும் போனார். பஸ்ஸில் தொடையில் தாளம் போட்டார், குளிக்கும்போது முனகினார். அறுபத்தைந்து வயதில் அந்த நாடகத்தின் மேலும், அதை எழுதினவள் மேலும் கிறுக்குப் பிடித்துவிட்டது. போய் அவளிடம் சொல்லத்தான் வழியில்லை.

பத்தாம் நாள் பிரதீபா கேட்டாள். “அங்கிள், கடைசிப் பாட்டுக்கு வரி மட்டும் இருக்கு, மெட்டு தெரியல. சின்னப் பசங்கன்னு எங்களை அதுக்கு முன்னாடியே சாப்பிட அனுப்பிடுவாங்க. பழைய ஆளுங்களுக்குப் போன் போட்டா ஆளுக்கொரு மாதிரி முனகுறாங்க. நீங்க சொல்லிக் குடுங்க, எல்லா வருஷமும் கேட்டிருப்பீங்களே.”

உப்பிலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்குச் சொல்றேன்மா” என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கடைசி வருஷம் மேடையேறுமுன் ரமா சொன்னாள், “ஏன்னா, இனிமே போடப்போறதில்லை. கடைசிப் பாட்டை மட்டும் ரெக்கார்டு பண்ணிடுங்கோ.” அவரும் போனில் பொத்தானை அழுத்தினார், அது நிஜம். அந்தப் பழைய போன் பீரோவில் இருந்தது. சார்ஜ் ஏற்றி, பதிவு இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டார். தனியாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் மன்றத்துக்குக் கொண்டுபோனார். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

படம் ஒரே இருட்டு. அழுத்திவிட்டுச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். ரமா முதல் வரியை எடுத்தாள். பிரதீபா கூடவே மெல்ல முனகிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வரி தள்ளிப் போய்க் கேட்டது. செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். அப்புறம் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்ட பன்னீர்செல்வத்தின் குரல்: “இன்னா சார், இந்த வருசமும் மொத வண்டி உன்னுதுதானா?”

“இதையெல்லாம் மனுஷன் உக்காந்து கேப்பானா, பன்னீர்?” அது உப்பிலி. சிரிப்பு வேறு.

ஸ்கூட்டரை இரண்டு தரம் உதைத்தது கேட்டது. மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், நாலு நிமிஷம் வண்டி உறுமிக்கொண்டே நின்றது. பெண்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். நிறுத்திவிடலாம் என்று உப்பிலி கை நீட்டினார். அப்போது வெகு பக்கத்தில் ரமாவின் குரல், மூச்சு வாங்க, சந்தோஷமாக:

“ஏன்னா, பதிவாச்சா?”

“ஆச்சு, ஆச்சு. ஏறு.”