பிப்ரவரிச் சீட்டு

ராச்டேலில் ரயில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஆம்புரோஸ் கிளெக், ஒரு பெரிய ஆங்கில அகராதிக்குப் பதினொரு ஆண்டுகள் சம்பளமில்லாமல் உழைத்தார். ஒரு சொல் எந்தப் பழைய ஏட்டில் என்ன பொருளில் வருகிறது என்று தேதியோடு சீட்டில் எழுதி அனுப்புவார். அனுப்பியவை 4,316. அவற்றில் ஒன்றுகூட ஒரு சொல்லின் முதல் சான்றாக அச்சேறவில்லை.

1934 மார்ச்சில், பாதிரியாரிடம் இரவல் வாங்கிய தேவாலயக் குறிப்பேட்டில் ‘லஞ்ச்’ அகப்பட்டது. மதியச் சாப்பாட்டைக் குறிக்கும் முன் அச்சொல்லுக்குக் கனத்த துண்டு என்று பொருள். கூரை பழுதுபார்த்தவனுக்கு ஒரு லஞ்ச் பாலாடைக்கட்டி கொடுத்ததாக 1591 பிப்ரவரி 9ஆம் தேதிக் குறிப்பு சொன்னது. அகராதியின் முதல் சான்று அதே ஆண்டு ஜூன் மாதத்தது. நான்கு மாதம் முந்திவிட்ட பூரிப்பில் அன்றே சீட்டைத் தபாலில் சேர்த்தார்.

ஒன்பதாம் நாள் அது திரும்பி வந்தது. உடனிருந்த கடிதத்தை மனைவி வின்னி வாசித்தாள்: “அக்காலத்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது; பிப்ரவரி ஆண்டின் கடைசியில்தான் வரும். ஆகவே உங்கள் பிப்ரவரி எங்கள் ஜூனுக்கு எட்டு மாதம் பிந்தியது.”

“இது உனக்குத் தெரியாதாக்கும்?” என்றாள்.

“தெரியும். அடுத்தவங்க சீட்டுல இதே தப்பை நானே திருத்தியிருக்கேன்.”

“பின்னே?”

“ஜூனை முந்தணும்னு பறந்தேன். கண்ணை மறைச்சிடுச்சு.”

“இனியாவது சாப்பாட்டு மேசையை எனக்குக் கொடு, கிழவா.”

“அந்தக் கூரைக்காரன் முந்தின வருஷமும் வந்திருப்பான்,” என்று முனகியபடி ஆம்புரோஸ் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். முந்தின ஆண்டு முழுவதும் கூரை ஒழுகவே இல்லை.