ஒழுகாத எஞ்சின்

எனக்கு நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்து இணுவிலில், தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு நீச்சல் எதற்கு? எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் கிடப்பது. பம்ப் போட்டு இறைத்து, வாய்க்காலில் விட்டு, வெங்காயத்துக்குக் கட்டுவது. அப்படிப்பட்ட ஒருவன் கடலில் ஓட்டுவதற்குப் பழைய எஞ்சின் தேடி ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தான் என்றால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையேதான் என் மனைவியும் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் காட்டினாள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து ஒற்றைப் பையோடு கப்பலில் வந்து இறங்கிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். அலைந்து திரிந்து கடைசியில் கிடைத்தது ஒரு தீவுப் பள்ளிக்கூடம். விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டும். தீவுக்குப் போய்வர லோஞ்ச் என்கிற ஒரு மோட்டார்ப் படகுதான் இருந்தது. காலை பத்து மணிக்கு வரும், பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பும். பள்ளிக்கூடமோ எட்டு மணிக்கே தொடங்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் வீடு.

அப்படி நான் தீவில் இருந்த ஒரு நாள் எங்கள் முதல் பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்து இறந்தது. செய்தி அடுத்த நாள் லோஞ்சில்தான் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் மறுபடி பிள்ளை உண்டானபோது ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"இந்தமுறை எனக்குப் பிரசவ நோ வரேக்கை நீங்கள் ஆஸ்பத்திரியிலை நிக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம், கட்டாயம் நிப்பன்."

"சம்பளம் இல்லாட்டிலும் பறவாயில்லை. கடைசி மாதம் லீவு போட்டிட்டு வீட்டிலை நில்லுங்கோவன்."

புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்திருப்பான். என்னிடம் இருந்ததோ படிப்பு. சம்பளமில்லாத லீவு சுத்த நட்டம். அந்தக் காசுக்குப் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கித் தீவில் சும்மா கிடக்கும் ஒரு வள்ளத்தில் பூட்டினால் தினமும் வீட்டுக்கு வரலாம் என்று தீர்மானித்தேன். "பிறகு எப்ப நோ வந்தாலும் நான் உம்மடை பக்கத்திலைதான்" என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"மெத்தப் படிச்ச மூஞ்சூறு கழுநீர்ப் பானைக்குள்ளை விழுந்ததாம்" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் சொல்வது வள்ளத்தின் பின்பக்கத்தில் கொளுவி ஓட்டுகிற எஞ்சின். தலை மேலே இருக்கும், வால் தண்ணீருக்குள் இருக்கும், வால் நுனியில் விசிறி. புதிது வாங்க நினைப்பது முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதை. ஆகவே பழசு. பழசில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த ஒரே எஞ்சின் எங்கள் தோட்டத்து வோட்டர் பம்ப். ஐயாவிடம், அதாவது என் தகப்பனிடம், போய்க் கேட்டேன்.

"எந்த எஞ்சினெண்டாலும் ஒழுக்குப் பார்" என்றார் ஐயா. "பெயின்ற்றைப் பாராதை, சத்தத்தைப் பாராதை. ஓடவிட்டிட்டுக் கையாலை தடவிப் பார். ஒழுகிறதை வாங்கினியெண்டால் வெங்காயக் கண்டுக்குப் போற தண்ணி முழுக்கக் கிணத்தடியிலைதான் நிக்கும்."

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரனுக்கு இதற்கு மேல் ஒரு வேதம் கிடையாது. இறைக்கிற தண்ணீர் வழியில் ஒழுகிப் போனால் எங்கள் வீடுகளில் சோறு இறங்காது. சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிப் பம்புக்குக் கட்டுப்போடுவதில் நாங்கள் எல்லோரும் வைத்தியர்கள். அந்த அறிவை மடியில் கட்டிக்கொண்டு நான் கடற்கரைக்குப் போனேன்.

முதலாவது எஞ்சின் வடகரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வளவில் இருந்தது. பெரிய எஞ்சின் வாங்கிவிட்டதால் இதை விற்கிறார்கள். பெயின்ற் முழுவதும் உரிந்து, உப்புப் பிடித்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்காரர் ஒரு பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் வாலை அதற்குள் இறக்கிக் கயிற்றை இழுத்தார். உடனே பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு, பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் துவாரத்தால் தண்ணீர் சீறிப் பாய்ந்து என் களுசானை நனைத்தது.

"அண்ணை, உது ஒழுகுதே!"

"ஒழுக்கில்லை மாஸ்டர், துப்புது. துப்பத்தான் வேணும். துப்பினால்தான் நல்லது."

அட கோதாரியே என்று நினைத்தேன். ஓட்டைக் குடத்தை விற்கிறவன், கொண்டுபோகிற வழியிலேயே பூக்கண்டுக்குத் தண்ணீர் விடலாம் என்று சொல்லி விற்பானே, அந்த மாதிரி ஆள் போலிருக்கிறது. ஆரைப் பேய்க்காட்டுகிறார்? துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். வந்த தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. "தண்ணியும் சுடுகுது!" என்று அதையும் ஒரு பழுதாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சுடாமல் என்ன செய்யும் மாஸ்டர்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

இரண்டாவது எஞ்சின் நல்லூரில், ஒரு கடைக்காரர் வீட்டுப் பின்வளவில் இருந்தது. யாரோ வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். நீலப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று நின்றது. கடைக்காரரும் குளித்து முழுகி விபூதி பூசி, எஞ்சினைப் போலவே சுத்தமாக நின்றார். பீப்பாவுக்குள் இறக்கி இழுத்ததும் ஓடியது. நான் குனிந்து மூட்டு மூட்டாகத் தடவினேன். பொட்டு ஈரம் இல்லை. இதிலும் அதே இடத்தில் அந்தத் துவாரம் இருந்தது, ஆனால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"பாத்தியளோ மாஸ்டர், ஒரு சொட்டு வெளியிலை வராது" என்றார் கடைக்காரர்.

"அதைத்தான் நானும் பாத்தனான்" என்றேன், ஏதோ கண்டுபிடித்தவன் போல. பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் அந்த மனிதர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐயா தானும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்" என்றார். கோயில் வாசலில் வைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். விசிறிக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். சில்லே இல்லாத வாகனத்துக்குத் தேசிக்காயை, அதாவது எலுமிச்சம்பழத்தை, எங்கே வைப்பது என்று ஐயாவுக்கும் குருக்களுக்கும் சின்ன வாக்குவாதம் வந்து, கடைசியில் விசிறிக்குக் கீழே வைத்து வெட்டினார்கள். என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உது ஒருக்காலெண்டாலும் கடலைக் கண்டிருக்குமோ?"

"நான் காட்டுறன்" என்றேன். வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

தீவில் பள்ளிக்கூடம் விட்டதும் துறையடியில் வள்ளம் ஓட்டப் பழகினேன். ஒரு சுற்றுப் போகும், பிறகு நின்றுவிடும். எஞ்சினின் தலையைத் தொட்டால் அடுப்பில் வைத்த தாச்சிச் சட்டி போலச் சுடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பிடிக்கும். களைத்த மாடு ஆறினால் இழுக்கும்தானே என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். கடல் தண்ணீரை அள்ளி அதன் தலையில் ஊற்றித் தடவியும் கொடுத்தேன். அதே கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பக் கடத்தல் படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விடலாம். விட மனம் வரவில்லை. லோஞ்ச் துறையை விட்டுப் போகும்போதெல்லாம் அதிலிருப்பவர்களுக்கு வள்ளத்தில் நின்றபடி கையை உயர்த்திக் காட்டுவேன். அவர்களும் சிரித்துக்கொண்டு காட்டுவார்கள்.

இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு வீட்டுக்கு ஓடலாம் என்றிருந்தபோது, டொக்டர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே, காலை லோஞ்சில் செய்தி வந்துவிட்டது. மனைவிக்கு நோ தொடங்கி மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னோடு படிப்பித்த ஒருவர் மானிப்பாய்க்காரர். அவர் என் தோளைப் பிடித்தார்.

"பதறாதையுங்கோ. மூண்டு மணி லோஞ்சிலை ரெண்டு பேருமாப் போவம். பொழுதுபடமுன்னம் போயிடலாம்."

"மூண்டு மணிக்கு நான் ஆஸ்பத்திரி வாசலிலை நிப்பன்" என்றேன். பிறகு எதற்கு எஞ்சின் வாங்கினது?

வள்ளம் பாய்ந்து புறப்பட்டது. பாதிக் கடல் வரை நான் ஒரு ராசா. அங்கே எஞ்சின் ஒருமுறை கிறீச்சிட்டு, உள்ளே ஏதோ இறுகி, நின்றது. ஆறவிட்டேன். தண்ணீர் ஊற்றினேன். கயிற்றை இழுத்தால் கயிறு அசையவில்லை, நான்தான் இழுபட்டேன். துடுப்பை எடுத்துப் போட்டேன். ஒரு பக்கம் போட்டால் வள்ளம் மற்றப் பக்கம் திரும்பியது. நின்ற இடத்திலேயே சுற்றினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. முருகா, பிள்ளையாரே, ஆண்டவரே என்று மதம் பாராமல் கூப்பிட்டேன். சாகப் பயமாக இருந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, இந்த முறையும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள் என்று நினைத்தபோது வாய்விட்டு அழுதேன்.

சொன்ன நேரம் தவறாமல் லோஞ்ச் வந்தது. சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றினேன், குதித்தேன், கத்தினேன். அவர்களின் எஞ்சின் சத்தத்தில் என் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? மேல்தட்டில் நின்ற மானிப்பாய் ஆசிரியர் என்னைக் கண்டார். சந்தோஷமாகக் கையை உயர்த்திக் காட்டினார். மற்றவர்களும் காட்டினார்கள். எல்லோருமாகக் கை காட்டியபடியே போய்விட்டார்கள்.

பொழுதுபடுகிற நேரம் வலை போட வந்த இரண்டு பேர் என்னைக் கண்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். அவர்களின் எஞ்சின் பக்கவாட்டில் தண்ணீரைத் துப்பிக்கொண்டு ஓடியது. காற்றில் அந்தத் தண்ணீர் என் முகத்தில் அடித்தது. இளஞ்சூடாக இருந்தது. கடல் தண்ணீரை உறிஞ்சி, தன் சூட்டை அதில் ஏற்றி, வெளியே தள்ளுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பாடம். துப்பாத எஞ்சின் வெந்து சாகும், அவ்வளவுதான். பின்னால் யுத்தம் முற்றியபோது எங்கள் கடலில் எஞ்சின் ஓட்டவே தடை வந்தது. என்னுடைய எஞ்சினுக்கு அந்தத் தடை தேவைப்படவில்லை.

அவர்கள் என்னைத் தங்கள் கரையில் இறக்கியபோது கடைசி பஸ் போய்விட்டது. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து, பிறகு இன்னொன்று மாறி, சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் நாற ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள். விறாந்தையில் நின்ற ஐயா என்னைக் கண்டதும் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். அவர் ஏன் அப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கட்டிலில் அவள் கண் வீங்கிப் போய்க் கிடந்தாள். பக்கத்தில் பிள்ளை துணிச் சுற்றுக்குள் நித்திரை.

"எஞ்சின் நிண்டு போச்சு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். மானிப்பாய் ஆசிரியர் லோஞ்சால் இறங்கி, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். பிரசவ அறைக் கதவடியில் நின்று, "மாஸ்டர் எங்கை? எங்களுக்கு முதலே வெளிக்கிட்டவர், நடுக்கடலிலை கண்டனாங்கள்" என்று கேட்டிருக்கிறார். நான் வரவில்லை என்று ஐயா சொன்னதும், ஐயோ என்று திரும்பவும் துறைக்கு ஓடியிருக்கிறார். உள்ளே கிடந்த இவளுக்கு அவ்வளவும் கேட்டிருக்கிறது.

"நீந்தவும் தெரியாத மனுசன்" என்றாள். "செத்துப் போட்டியளெண்டு நினைச்சுக்கொண்டுதான் இவளைப் பெத்தனான். நான் உங்களிட்டை எஞ்சின் கேட்டனானே?"

நான் கட்டிலுக்குக் கிட்டப் போனேன். அவள் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள், நகம் பதிந்தது. அந்த நேரம் நேர்ஸ் வந்து, ஆம்பிளைகள் இந்த நேரம் உள்ளே நிற்கக்கூடாது, வெளியே போங்கோ என்றார். நான் வெளியே போகத் திரும்பினேன். இவள் பிடியை விடவில்லை.

"அவர் நிக்கட்டும் மிஸ்" என்றாள்.